ராஜபாட்டையில் எட்டு நாள்: ஜோர்டானில் ஒரு வாடகை வண்டி

மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன். வண்டிக்கு ஐந்துக்கு நான்கு. அதை வாடகைக்குக் கொடுத்த கம்பெனிக்கு இரண்டரை. விசாவும் நுழைவுச்சீட்டும் ஒன்றாகச் சேர்ந்த ஜோர்டான் பாஸுக்கு நாலரை. சாலைக்கு மார்க் போடும் உரிமை எனக்கில்லை, அது என் வீட்டுக்காரரின் இலாகா. நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தோரு வருடம் இருந்து உதவிக் கோட்டப் பொறியாளராக ஓய்வு பெற்றவர். அவர் மூன்றரை போட்டார். வேகத்தடைகள் மட்டும் இல்லாவிட்டால் ஐந்தே போட்டிருப்பாராம். அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஓட்டியது நான். நாற்பத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டு இப்போது பதினான்கு வருடம் ஆகிறது. இவருக்குக் கண் நீர் அழுத்தம், இனி ஸ்டீயரிங் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே பக்கத்து இருக்கையில் மேப்பும் வாயும் இவருடையது.

அம்மானிலிருந்து பெட்ராவுக்கு ஜெட் பேருந்து ஓடுகிறது. ஆனால் அது பாலைவன நெடுஞ்சாலையில் நேராகத் தெற்கே போய்விடும். மூன்று மணி நேரம், இரண்டு பக்கமும் மண்ணும் லாரியும். நாங்கள் ஆசைப்பட்டது அதற்கு மேற்கே, மலைமேட்டோடு வளைந்து வளைந்து போகும் பழைய வழிக்கு. கிங்ஸ் ஹைவே என்கிறார்கள், நம் பேச்சில் ராஜபாட்டை. பைபிளின் எண்ணாகமத்தில் மோசே ஏதோம் ராஜாவுக்கு ஆள் அனுப்பி, ராஜபாதை வழியாகப் போய்விடுகிறோம், வழி விடு என்று கேட்பார். ராஜா விடமாட்டார். அந்தப் பாதை இதுதான் என்பது அங்குள்ள நம்பிக்கை. கி.பி. 106இல் ரோமர்கள் இந்த நாட்டைப் பிடித்த பின், டிராஜன் பேரரசர் 111 முதல் 114 வரை இந்தப் பக்கமாகத்தான் ஒரு சாலை போட்டார். சிரியாவின் எல்லையிலிருந்து செங்கடல் வரை புதுச் சாலை திறந்து கல் பாவினார் என்று மைல்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், கவர்னர் கிளாடியஸ் செவெரஸின் பெயரோடு. இதைப் படித்ததும் இவர் கேட்டது: "மேல ராஜா பேரு, கீழ கவர்னர் பேரு. ரோடு போட்ட ஏ.இ. பேரு எங்க?" ஏ.இ. என்றால் உதவிப் பொறியாளர்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

ஆட்டோமேட்டிக் கியர், வெள்ளை நிறச் சின்ன செடான், நாளுக்கு 25 தினார் என்று எட்டு நாளுக்கு 200 தினார். ஒரு தினார் ஏறக்குறைய 1.41 டாலர், பல வருடமாக இதே கணக்கில் கட்டிப்போட்ட நாணயம். கடைக்காரர்கள் பேச்சில் அதை "லீரா" என்பார்கள், குழம்ப வேண்டாம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பே எடுத்து வைத்திருந்தேன். டெபாசிட்டுக்கு 400 தினார் பிடித்து வைத்தார்கள். கிரெடிட் கார்டு ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும். இவருடைய கார்டை நீட்டினோம், கம்பெனிப் பையன் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தான். என்னுடையது பெட்டியின் அடியில், பழைய டைரிக்குள் இருந்தது. விமான நிலையத் தரையில் உட்கார்ந்து பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன்.

வண்டி கைக்கு வரும்போது இரவு பதினொன்று. வண்டிகள் நிற்கும் இடத்தில் மங்கலான ஒரு விளக்கு. பையன் காகிதத்தில் வண்டிப் படம் போட்டு, கீறல் இருக்கும் இடத்திலெல்லாம் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனான். நான் செல்போன் டார்ச்சைப் பிடித்து நாலு பக்கமும் வீடியோ எடுத்தேன். "நோ ப்ராப்ளம், மேடம். ஃபுல் இன்சூரன்ஸ்." இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று இரவும் அம்மானில் தங்கவில்லை, மாதாபாவில். இதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரம், அம்மான் நெரிசல் இல்லை, ராஜபாட்டை ஊர் வழியாகவே போகிறது. இடது கை ஸ்டீயரிங், வலப்பக்க ஓட்டம் இரண்டும் புதிது. முதல் நாள் திரும்பும்போதெல்லாம் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைத் தட்டினேன். மழையே இல்லாத ஊரில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போகும் வண்டியைப் பார்த்து ஒரு காய்கறிக் கடைக்காரர் கையாட்டினார்.

மாதாபாவில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத் தரையில் ஆறாம் நூற்றாண்டு மொசைக் வரைபடம் இருக்கிறது. புண்ணிய பூமியின் வரைபடங்களில் இன்று மிஞ்சியிருப்பதில் பழையது அதுதான். நடுவில் எருசலேம், அதன் தெருவும் தூண்களும்கூடத் தெரிகின்றன. சாக்கடல் மேல் படகு, யோர்தான் ஆற்றில் மீன். ஒரு மீன் சாக்கடலுக்கு வந்துவிட்டுத் திரும்பி ஓடுகிறது. உப்பு பிடிக்கவில்லை போலும். சிறிய தேவாலயம், காலை எட்டரைக்குள் போய்விட்டால் பேருந்துக் கூட்டம் இருக்காது.

ஜெராஷுக்கு ஒரு நாள் போய்வந்தோம். அம்மானைக் கடந்துதான் போக வேண்டும். ஒன்றிலிருந்து எட்டு வரை எண் போட்ட ரவுண்டானாக்கள் உள்ள ஊர் அது. லேன் என்பது அங்கே ஓர் ஆலோசனை, அவ்வளவுதான். நம் ஊரில் ஓட்டியவர்களுக்குப் பயமில்லை, பக்கம் மாறியதுதான் பயம். ஜெராஷில் நீள்வட்ட முற்றத்தின் தூண்களை எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் பெரிய வீதியில் குனிந்து நின்றார். கல்லில் சக்கரத் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. தெருவுக்கு அடியில் கழிவுநீர்க் கால்வாய், ஓரத்தில் மழைநீர் இறங்க ஓட்டை. "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி ரோடு போடுறதுக்கு முன்னாடியே டிரெய்னேஜ் போட்டிருக்கான் பாரு" என்றார். முப்பத்தோரு வருட ஆற்றாமை அந்த வாக்கியத்தில் இருந்தது.

மறுநாள் நெபோ மலையும் சாக்கடலும். மோசே வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார்த்துவிட்டுப் போகாமலே இறந்த இடம் என்கிறார்கள். எங்களுக்கு அன்று புழுதி மூட்டம், வாக்களிக்கப்பட்ட எதுவும் தெரியவில்லை. அங்கிருந்து சாக்கடலுக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறக்கம். இங்கேதான் வண்டி பற்றி ஒரு முக்கியமான விஷயம். ஆட்டோமேட்டிக் என்று காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். பாதி வழியில் எனக்குப் பிரேக் கருகும் வாடை வந்துவிட்டது. ஓரங்கட்டிப் பத்து நிமிடம் ஆறவிட்டு, கியரை எல்லுக்கு, அதாவது லோ கியருக்குத் தள்ளி இறங்கினோம், அப்புறம் வண்டி சாதுவாக வந்தது. மேலே குடித்து மூடி வைத்த காலி பாட்டில், கீழே போய்ப் பார்த்தால் யாரோ கசக்கியதுபோல் நெளிந்திருந்தது. காற்றழுத்தம். கடல்மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே போய்விட்டோம் என்பதற்கு எந்தப் பலகையைவிடவும் அந்த பாட்டில் நல்ல சாட்சி.

சாக்கடல் வருடத்துக்கு ஒரு மீட்டர் அளவுக்கு இறங்கிக்கொண்டே போகிறது. யோர்தான் ஆற்று நீரை மேலேயே எடுத்துவிடுகிறார்கள், தெற்கில் உப்பும் பொட்டாஷும் எடுக்கப் பாத்தி கட்டி ஆவியாக விடுகிறார்கள். மிதந்தோம், உப்புக் கண்ணில் பட்டு நான் கத்தினேன், போதும்.

ஜோர்டான் பாஸ் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் வாங்கி க்யூஆர் கோடைக் காட்ட வேண்டியதுதான். 70, 75, 80 தினார் என மூன்று வகை, பெட்ராவில் ஒரு நாளா, இரண்டா, மூன்றா என்பதுதான் வித்தியாசம். நாங்கள் வாங்கியது 75. தனித்தனியாகக் கட்டியிருந்தால் விசாவுக்கு 40, பெட்ராவில் இரண்டு நாளுக்கு 55, அங்கேயே 95 ஆகிவிடும். ஜெராஷ், கெராக் கோட்டை, வாடி ரம் பாலைவனம் எல்லாம் இதிலேயே அடக்கம். ஆனால் நாட்டுக்குள் நுழைவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும், குறைந்தது மூன்று இரவு தங்க வேண்டும், அப்போதுதான் விசாக் கட்டணம் தள்ளுபடி. நெபோ மலையும் மாதாபா தேவாலயமும் இதில் சேராது, வாசலில் சில்லறை கொடுக்க வேண்டும். அரை மதிப்பெண் குறைத்தது அதற்காகத்தான்.

நான்காம் நாள்தான் இந்தப் பயணமே. மாதாபாவிலிருந்து, பெட்ராவின் வாசலில் இருக்கும் ஊரான வாடி மூசா வரை ராஜபாட்டையில்.

கூகுள் மேப்பில் நேராக வாடி மூசா என்று போட்டால் அது உங்களைப் பாலைவன நெடுஞ்சாலைக்கு இழுத்துப் போய்விடும். விட்டால் ஒவ்வொரு குறுக்குச் சாலையிலும் கிழக்கே திரும்பச் சொல்லும். தீபான், கெராக், தஃபிலா, ஷோபக் என்று ஊர் ஊராகப் போட்டு வைத்தோம். ஓட்டும் நேரம் மட்டும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. நின்று பார்த்துப் போக முழு நாள் வேண்டும். ஏழு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். இவர் இரண்டாவது காபி கேட்டார், ஒன்பதாகிவிட்டது. அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு விலை கொடுத்தோம்.

தீபான் தாண்டியதும் தரை சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே வாடி முஜிப். பைபிளில் அர்னோன் ஆறு என்று வருவது இதுதான். எதிர்க் கரையில் சாலை நூல்போல் ஏறுவது தெரிகிறது, ஆனால் அங்கே போகக் கொண்டை ஊசி வளைவுகளில் அடிவரை இறங்கி, அணையைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். பார்வை முனையில் ஒரு தேநீர்க் கடை. கடை என்ன, தகரமும் இரண்டு பாயும். செவ்வாழைப்பழ நிறத்தில் தேநீர், மரமியா இலை போட்டு, சர்க்கரை தூக்கலாக. எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டார் பெரியவர், சொன்னோம். காசு கொடுத்தபோது இரண்டாவது கோப்பைக்கு வாங்க மறுத்துவிட்டார். முதல் கோப்பை வியாபாரம், இரண்டாவது விருந்தாம்.

இறங்கும்போது இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பயந்துபோய், "என்னங்க, உடம்பு முடியலையா?" என்றேன். "சும்மா இரு. சூப்பர் எலிவேஷன் பாக்குறேன்." வளைவில் சாலையின் வெளிப்பக்கம் உயர்ந்து வண்டியை உள்பக்கமாகச் சாய்த்துப் பிடிக்கும் அல்லவா, அது. தடுப்புச் சுவரையும், மழையில் சரளை சரிந்த இடங்களையும் எண்ணிக்கொண்டு வந்தார். மறுகரை ஏறி முடித்ததும், "நல்லா பண்ணியிருக்கான்" என்றார். கல்யாணமான இத்தனை வருடத்தில் என் சமையலுக்குக்கூட இந்தத் தொனி வந்ததில்லை.

கெராக்கில் சிலுவைப்போர்க்காரர்களின் கோட்டை. 1142இல் கட்டத் தொடங்கியது, ஒரு வருடத்துக்கும் மேலான முற்றுகைக்குப் பின் 1188இல் சலாதீனின் படையிடம் விழுந்தது. நிலவறைகள் இருட்டு, டார்ச் எடுத்துப் போங்கள். எனக்கு அதைவிட நினைவில் நிற்பது கோட்டைக்கு வெளியே சாப்பிட்ட மன்சஃப். ஆட்டுத் தயிரை உப்புப் போட்டுக் கல் மாதிரிக் காய வைக்கிறார்கள், பெயர் ஜமீத். அதைக் கரைத்து அந்தப் புளிப்புக் குழம்பில் ஆட்டுக்கறியை வேக வைத்து, சோற்று மேல் கொட்டி, பாதாம் தூவிக் கொண்டுவருவார்கள். வலது கையால் சாப்பிடுவதுதான் அங்கே முறை. நான் கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுப் பிசைந்து உருட்டிச் சாப்பிட்டேன். பரிமாறியவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். இவர் சைவம். ஹம்முஸ், ஃபலாஃபெல், சுட்ட கத்தரிக்காய் முத்தபல். எட்டு நாளும் அதேதான், சலிக்கவில்லை என்று ஆறாம் நாள்வரை சொன்னார்.

தஃபிலாவைத் தாண்டும்போதே வெயில் சாய்ந்துவிட்டது. தானா பள்ளத்தாக்கை மேலிருந்து ஐந்து நிமிடம் பார்த்தோம், அங்கே ஒரு இரவு தங்கியிருக்க வேண்டும், தவறு எங்களுடையது. இப்போது வேகத்தடைக் கதை. ஜோர்டானில் வேகத்தடைக்கு முன் பலகை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வெள்ளைக் கோடு இருக்கலாம், அழிந்தும் போயிருக்கலாம். ஊர் தொடங்கும் இடத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, யார் வீட்டு முன்னாலோ ஒன்று. "ஐ.ஆர்.சி. 99இல என்ன சொல்லியிருக்கு தெரியுமா?" என்று, வேகத்தடைக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதியை வைத்து இவர் வழிநெடுகப் பாடம் எடுத்தார். நம் ஊரிலும் அதை யாரும் படித்ததில்லை என்று நான் சொன்னது எடுபடவில்லை. காதிசியா கிராமத்துக்கு அருகே, அந்தி வெளிச்சத்தில், சாலையின் நிறத்திலேயே இருந்த ஒன்றின் மேல் ஐம்பது வேகத்தில் ஏறி இறங்கினேன். அடியில் கரகரவென்று சத்தம். நிறுத்திக் குனிந்து பார்த்தோம். எண்ணெய் ஒழுகவில்லை, எதுவும் தொங்கவில்லை. 1115இல் கட்டிய ஷோபக் கோட்டை இருட்டில் ஒரு கரும்புள்ளியாகக் கடந்துபோனது. அதற்குள் எனக்குக் கோட்டை பார்க்கும் மனநிலை இல்லை.

பெட்ராவைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஒன்றிரண்டு மட்டும். வாசலிலிருந்து பிளவு தொடங்கும் இடம் வரையிலான குதிரைச் சவாரி டிக்கெட்டிலேயே சேர்ந்தது என்பார்கள், இறங்கும்போது அன்பளிப்புக் கேட்பார்கள், அது சேராது. சீக் எனும் அந்தப் பிளவு 1.2 கிலோமீட்டர் நீளம். அதன் முடிவில், பாறையில் குடைந்த அல் கஸ்னாவின் முகப்பு துளித்துளியாகத் தெரிய வரும் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இவர் சுவரோரமாகப் போனார். ஒரு பக்கம் பாறையில் வெட்டிய கால்வாய், இன்னொரு பக்கம் சுடுமண் குழாய். இந்த வறண்ட ஊருக்கு, பெட்ராவை உருவாக்கிய நபாத்தியர்கள் தண்ணீர் கொண்டுவந்தது அப்படித்தான். வெள்ளம் பிளவுக்குள் புகாமல் இருக்க வாயிலில் அணை கட்டி, மலையைக் குடைந்து தண்ணீரை வேறு பக்கம் திருப்பியும் விட்டிருந்தார்கள். அது காலப்போக்கில் பாழடைந்தது. 1963இல் திடீர் வெள்ளம் சீக்குக்குள் புகுந்து பிரெஞ்சுப் பயணிகள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகுதான் அணையைத் திரும்பக் கட்டினார்கள். மழை எச்சரிக்கை என்று வாயிலில் சொன்னால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

இரண்டாம் நாள் அல் தெய்ர் மடாலயத்துக்கு ஏறினேன், சுமார் 800 படி. இவர் கீழே குழாய் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்.

வாடி ரம்மில் வண்டிக்கு ஓய்வு. கிராமத்தில் நிறுத்திவிட்டு, கூடாரக்காரர்களின் ஜீப்பில்தான் உள்ளே போக வேண்டும். வாடகை வண்டியோடு மணலில் இறங்கும் யோசனை யாருக்காவது இருந்தால், இன்சூரன்ஸ் காகிதத்தை ஒருமுறை படியுங்கள். மணலுக்கடியில் குழி தோண்டிச் சுட்ட ஸர்ப் இறைச்சி, சிவந்த பாறை, குளிர், நட்சத்திரம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து வெளியே போனபோது இவர் ஏற்கெனவே வெளியே நின்றுகொண்டிருந்தார். ரொம்ப நேரம் பேசாமல் நின்றோம்.

திரும்புவதற்கு மட்டும் பாலைவன நெடுஞ்சாலை. விமான நிலையம் வரை மூன்றரை மணி நேரம், அகாபா துறைமுக லாரிகள், பக்கவாட்டுக் காற்று, வேகத்தைப் பிடிக்க மறைந்து நிற்கும் போலீஸ். இந்த வேலைக்கு அது சரியான சாலை. வண்டி மொத்தம் 968 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பங்கில் ஊழியர்களே நிரப்புகிறார்கள், 90, 95 என்று இரண்டு ரகம், எங்களுக்கு 90 போதுமென்று சொல்லியிருந்தார்கள். பெட்ரோல் விலையை அரசு மாதாமாதம் அறிவிக்கிறது, ஆகவே பங்குக்குப் பங்கு பேரம் பார்க்க வேண்டியதில்லை. ஏசி நன்றாக வேலை செய்தது, ஸ்டெப்னி இருந்தது, ஏற்றத்தில் மட்டும் இழுவை போதாமல் முனகியது. அதனால்தான் ஐந்துக்கு நான்கு.

வண்டியை வாங்கிக்கொள்ள வந்தது வேறு ஆள். கீறலையெல்லாம் பார்க்கவே இல்லை. நேராகத் தரையில் அட்டையை விரித்துப் படுத்து, முன் பம்பருக்கு அடியில் டார்ச் அடித்தார். உராய்வு. 120 தினார். ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொன்னீர்களே என்றேன். காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் நீங்கலாக ஃபுல். என் வீடியோவில் நாலு பக்கமும் கூரையும் இருந்தன, அடிப்பாகம் இல்லை. உராய்வு எங்களுடையதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, காதிசியாவின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்காகக் கேட்டால் கொடுத்திருப்பேன். ஆனால் அதே இடத்தில் துருவேறிய பழைய உராய்வும் இரண்டு இருந்தன. இவர் விமானத்துக்கு நேரமாகிறது என்பதையும் மறந்து அட்டையில் படுத்துவிட்டார். எது புதுசு, எது பழசு என்று உலோகத்தின் நிறத்தை வைத்து அந்த ஆளுக்கு விளக்கினார். தமிழும் ஆங்கிலமும் கலந்து, கையால் காட்டி. கடைசியில் 60 தினாருக்கு வந்தது. மீதி டெபாசிட் பத்தொன்பது நாள் கழித்து வந்து சேர்ந்தது, அதுவும் மூன்று மின்னஞ்சலுக்குப் பிறகு.

அந்த இரண்டரை மார்க்கில் ஒன்று வண்டி நேரத்துக்குத் தயாராக இருந்ததற்கு, ஒன்று அந்தப் பையனின் சிரிப்புக்கு, அரை பேரத்துக்கு இறங்கிவந்ததற்கு. மறுபடி போனால் இரவில் வண்டி எடுக்க மாட்டேன். டாக்சி பிடித்து மாதாபா போய்த் தூங்கிவிட்டு, காலை வெளிச்சத்தில் வந்து எடுப்பேன். பெட்டியில் ஒரு பழைய அட்டை கட்டாயம் இருக்கும். அதில் படுத்து அடிப்பாகத்தைப் படம் பிடிக்கும் வேலையை இவர் இப்போதே ஏற்றுக்கொண்டுவிட்டார்.